காரணம் கேட்காத உடன்பாடு

மனிதர் கூடிப் பேசுவதால் என்ன விளையும் என்று ஐயுறுவோர் எல்லாக் காலத்திலும் உண்டு. மாநாடுகள் கூடுகின்றன, தீர்மானங்கள் நிறைவேறுகின்றன, பந்தல் பிரிக்கப்படுகிறது, உலகம் முன்போலவே சுழல்கிறது என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் திருச்சபையின் பிள்ளைகளாகிய நாம் அதை முழுவதும் ஏற்பதற்கில்லை. பிற இனத்தார் விருத்தசேதனம் இன்றியே கிறிஸ்துவின் மந்தையில் சேரலாமா என்ற கடினமான வினாவுக்கு, எருசலேமில் திருத்தூதர்களும் மூப்பர்களும் கூடிப் பேசியே விடை கண்டார்கள். பேதுருவும் பவுலும் யாக்கோபும் அன்று ஒரே இடத்தில் கூடியிராவிட்டால் நற்செய்தி நம் கடற்கரைக்கு எந்த வடிவில் வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கடந்த நூற்றாண்டிலும் அத்தகைய சில கூட்டங்கள் நடந்தன. 1947, 1948 ஆகிய இரண்டே ஆண்டுகளில் நியூயார்க்கிலும் மெக்சிக்கோவிலும் ஜெனீவாவிலும் பாரிசிலும் கூடிய சிலர், மனித உரிமைகளின் உலகளாவிய அறிக்கையை மனித குலத்திற்குத் தந்தார்கள். அதன் 30 உறுப்புகளை நம்மில் பலர் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதை எழுதியவர்கள் எத்தகையவர், எதைக் குறித்து மோதிக்கொண்டார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை நாம் அதிகம் அறியோம். அவ்வரலாறு கிறிஸ்தவராகிய நம் மனச்சாட்சியோடு நேரடியாகப் பேசுகிறது.

தேநீர் வேளையில் ஒரு தர்க்கம்

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோது ஐரோப்பாவின் நச்சுவாயுக் கூடங்களும் இரோசிமாவின் சாம்பலும் மனிதனின் மதிப்பு என்ன என்ற கேள்வியை உலகின் முன் வைத்தன. ஐக்கிய நாடுகள் அவை 18 நாடுகளின் உறுப்பினரைக் கொண்ட மனித உரிமை ஆணையத்தை நிறுவியது. அதன் முதல் கூட்டத் தொடர் 1947ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரி மாதங்களில் நியூயார்க்கை அடுத்த லேக் சக்சஸ் என்னும் இடத்தில் நடைபெற்றது. மறைந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் தலைவரானார். சீனத்தின் பெங் சுன் சாங் துணைத் தலைவர். லெபனானின் சார்லஸ் மாலிக் அறிக்கையாளர்.

அம்மையார் அவ்விருவரையும், ஐ.நா. செயலகத்தின் மனித உரிமைப் பிரிவு இயக்குநர் ஜான் ஹம்ஃப்ரியையும் நியூயார்க்கிலிருந்த தம் இல்லத்திற்குத் தேநீருக்கு அழைத்தார். அந்த அறையில் கூடிய நால்வரும் தனித்தனியே ஒரு வரலாறு. ஹம்ஃப்ரி கனடா நாட்டுச் சட்டப் பேராசிரியர். சிறு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தவர், தீ விபத்தில் ஒரு கையையும் இழந்தவர். சாங் கல்வியாளர், நாடகக் கலைஞர், தூதர். கன்பூசியசின் நெறியில் ஊறியவர். மாலிக் கிழக்கு மரபுவழித் திருச்சபையைச் சார்ந்த ஆழ்ந்த கிறிஸ்தவர். ஆர்வர்டில் வைட்ஹெட்டிடமும் ஜெர்மனியில் ஹைடெக்கரிடமும் தத்துவம் பயின்றவர். புனித தோமா அக்குவினாசின் சிந்தனையைத் தம் உறைவிடமாகக் கொண்டவர்.

பேச்சு உடனே சூடு பிடித்தது. மேற்கத்தியச் சிந்தனை ஒன்றை மட்டும் உலகத்தின் மீது சுமத்தலாகாது என்றார் சாங். மாலிக் அக்குவினாசின் மெய்யியலை விரிவாக எடுத்துரைத்தார். செயலகத்தார் சில மாதங்கள் கன்பூசியசைப் படித்துவிட்டு வரட்டும் என்று சாங் ஹம்ஃப்ரியிடம் கூறினார். பேச்சு எட்டாத உயரத்திற்குப் போய்விட்டதால் தாம் கோப்பைகளில் மீண்டும் தேநீரை நிரப்பிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததாக ரூஸ்வெல்ட் அம்மையார் பின்னாளில் நகைச்சுவையோடு எழுதினார். இவ்விருவரும் சேர்ந்து ஒரு வாசகத்தை எழுத இயலாது என்றே ஹம்ஃப்ரி எண்ணினார். முதல் வரைவை உருவாக்கும் பணி அவர் தோள்மீது விழுந்தது. பல நாடுகளின் சட்டங்களையும் அறிஞர் பலரின் பரிந்துரைகளையும் ஆராய்ந்து 48 உறுப்புகள் கொண்ட வரைவை அவர் ஆக்கினார். போரில் உறவினர் பலரை நாசிகளின் கொலைக் கூடங்களுக்குப் பறிகொடுத்த பிரெஞ்சு யூதரான ரெனே காசேன் அதை ஒழுங்குபடுத்தினார். அதன்பின் ஒவ்வொரு சொல்லும் மாதக்கணக்கில் விவாதிக்கப்பட்டது.

உலகெங்கும் சென்ற வினாக்கள்

இதே வேளையில் யுனெஸ்கோ நிறுவனம் மற்றொரு முயற்சியில் இறங்கியது. வெவ்வேறு பண்பாடுகளும் மெய்யியல்களும் மனித உரிமையைப் பற்றி என்ன கருதுகின்றன என்று கேட்டு உலகெங்குமுள்ள சிந்தனையாளர்களுக்கு வினாக்களை அனுப்பியது. இத்தாலியின் பெனெடெட்டோ குரோச்சே எழுதினார். ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதினார். இயேசு சபைத் துறவியும் அறிவியலாருமான தெய்யார் த ஷார்தென் எழுதினார். இந்தியாவிலிருந்து ஹுமாயூன் கபீர் எழுதினார்.

காந்தியடிகளுக்கும் அவ்வினாக்கள் சென்றன. நாடு பிளவுபடும் தறுவாயில் ஊர் ஊராய் அலைந்துகொண்டிருந்த அவர், 1947 மே மாதத்தில் ஓடும் இரயிலிலிருந்தே சுருக்கமான ஒரு மடல் எழுதினார். எழுத்தறியாத, ஆனால் அறிவு மிக்க தம் தாயிடமிருந்து தாம் கற்றது ஒன்றே என்றார் அவர்: கடமையைச் செவ்வனே செய்வதிலிருந்தே எந்த உரிமையும் தகுதியும் நிலைபேறும் பெறும். உலகின் பேரறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதிய தொகுப்பில் படிப்பறிவில்லாத ஓர் இந்தியத் தாயின் பாடமும் இவ்வாறு இடம்பெற்றது.

விடைகளைத் தொகுத்த குழுவினர் வியப்படைந்தனர். கடவுளை நம்புவோரும் நம்பாதோரும், கிழக்கத்தியரும் மேற்கத்தியரும் பட்டியலிட்ட உரிமைகள் பெரும்பாலும் ஒத்திருந்தன. உயிர் வாழும் உரிமை, சித்திரவதைக்கு உட்படாதிருக்கும் உரிமை, உழைப்புக்கு நேர்மையான கூலி, மனச்சாட்சியின் உரிமை ஆகியவற்றில் ஒற்றுமை தென்பட்டது. அவ்வுரிமைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டபோதோ ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை.

மெக்சிக்கோவில் மாரித்தேன்

இப்புதிருக்கு விளக்கம் தந்தவர் கத்தோலிக்க மெய்யியலார் ழாக் மாரித்தேன். 1882இல் பாரிசில் பிறந்த இவர் இளமையில் இறைநம்பிக்கை அற்றவர். இரஷ்ய யூதக் குடும்பத்தில் பிறந்த ராயிஸ்ஸா என்ற பெண்ணும் இவரும் பாரிசில் உடன் பயின்றோர். வாழ்வுக்குப் பொருள் ஒன்று உண்டா என்று தேடிய இருவரும், அது கிட்டாவிடில் உயிரை மாய்த்துக்கொள்வது என்று தமக்குள் முடிவு செய்திருந்தனர். பெர்க்சனின் சொற்பொழிவுகள் அவர்களுக்கு முதல் ஒளியைக் காட்டின. வறுமையில் வாடிய எழுத்தாளர் லெயோன் புளுவாவின் நட்பு அவர்களைத் திருச்சபையின் வாசலுக்குக் கொண்டு வந்தது. 1906இல் திருமுழுக்குப் பெற்றனர். பின்னர் மாரித்தேன் அக்குவினாசின் சிந்தனையை இருபதாம் நூற்றாண்டின் மொழியில் பேசவைத்தவராகப் புகழ் பெற்றார். போர்க்காலத்தில் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்திருந்த அவரை விடுதலை பெற்ற பிரான்சு 1945இல் வத்திக்கானுக்குத் தூதராக அனுப்பியது. அவர் பொதுநிலையினர் என்பது நாம் கருத்தில் கொள்ளத் தக்கது.

1947 நவம்பரில் மெக்சிக்கோ நகரில் யுனெஸ்கோவின் இரண்டாவது பொது மாநாடு கூடியபோது மாரித்தேன் பிரெஞ்சுக் குழுவின் தலைவராக அங்கே சென்றார். அமெரிக்காவும் சோவியத் நாடும் எதிரெதிர் முகாம்களாக அணிவகுக்கத் தொடங்கிய காலம் அது. சிந்தனையால் இத்தனை பிளவுபட்ட உலகில் ஒத்துழைப்பு எவ்வாறு இயலும் என்ற வினாவையே அவர் தம் உரையின் பொருளாகக் கொண்டார். உலகம், மனிதன், அறிவு ஆகியவை பற்றிய ஒரே கோட்பாட்டை எல்லாரும் ஏற்க வேண்டும் என்று காத்திருந்தால் ஒன்றும் நடவாது. எவ்வாறு செயல்பட வேண்டும் என்ற நடைமுறை உண்மைகளில் உடன்பாடு காண இயலும் என்றார்.

இக்கருத்தை விளக்க அவர் எழுத்தில் பதிந்த ஒரு நிகழ்ச்சி பெரிதும் அறியப்பட்டது. கடும் பகை கொண்ட கொள்கையினர் ஒரே உரிமைப் பட்டியலை ஒப்புக்கொண்டதைக் கண்டு யாரோ வியந்தபோது, ‘ஆம், ஒப்புக்கொள்கிறோம், ஏன் என்று மட்டும் எவரும் கேட்கலாகாது’ என்ற பொருளில் அவர்கள் விடை தந்தார்களாம்.

இதைக் கூறிய மாரித்தேன் ‘ஏன்’ என்ற வினாவை அற்பமாக எண்ணினார் என்று கொள்ளலாகாது. தம் ஆயுள் முழுவதையும் அவ்வினாவுக்கே செலவிட்டவர் அவர். உரிமைகளின் பட்டியல் ஓர் இசைக் கருவியின் கட்டைகளைப் போன்றது, ஒரே கட்டைகளில் வெவ்வேறு பண்களை வாசிக்கலாம் என்ற கருத்தையும் அவரே எழுதினார். எந்தப் பண் எழும் என்பது வாசிப்பவரின் உள்ளத்தில் உயர்ந்த விழுமியமாக எது வீற்றிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆயினும் முதலில் கட்டைகளாவது இருக்க வேண்டும். வீடு பற்றி எரியும்போது நெருப்பின் தத்துவத்தில் உடன்பட்ட பிறகே தண்ணீர் ஊற்றுவோம் என்பார் உண்டா?

கடவுளின் பெயர் விடுபட்ட கதை

1948ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஐ.நா. பொதுச்சபை பாரிசில் கூடியது. அறிக்கையின் வரைவு மூன்றாம் குழுவின் முன் வந்தது. அதன் தலைவர் மாலிக். 80க்கும் மேற்பட்ட அமர்வுகளில் சொல் சொல்லாக விவாதம் நிகழ்ந்தது.

முதல் உறுப்பிலுள்ள ஒரு சொல்லுக்கு இந்தியா கடன் கொடுத்திருக்கிறது. மேலை நாட்டு மரபையொட்டி ‘ஆண்’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே எல்லா மனிதரையும் குறிக்கத் தொடக்கத்தில் ஆளப்பட்டிருந்தது. இந்தியாவின் உறுப்பினர் ஹன்சா மேத்தா அம்மையார், அச்சொல் பெண்களை விலக்குவதாகப் பொருள் கொள்ளப்படும் என்று ஆணையத்தில் எடுத்துரைத்தார். ‘மனிதப் பிறவிகள் யாவரும்’ என்ற பொருள் தரும் சொல் அவ்விடத்தில் அமைந்தது. விடுதலை இரவில் இந்தியப் பெண்களின் சார்பாக நம் அரசியல் நிர்ணய மன்றத்திற்குத் தேசியக் கொடியை வழங்கியவரும் அவரே.

கடுமையான விவாதம் கடவுளின் பெயரைக் குறித்து எழுந்தது. மனிதர் இறைவனின் உருவிலும் சாயலிலும் படைக்கப்பட்டவர் என்பதை முதல் உறுப்பில் சேர்க்க வேண்டும் என்று பிரேசில் நாட்டுக் குழு முன்மொழிந்தது. கத்தோலிக்கருக்கு அதைவிட இயல்பான முன்மொழிவு வேறில்லை. மாலிக்கும் படைத்தவரின் பெயர் இடம்பெற வேண்டும் என்று விரும்பியவரே. அப்போது சாங் எழுந்தார். மனித குலத்தின் பெரும் பகுதி சீனத்தில் வாழ்கிறது, அவர்களது மரபு வேறு. ஆயினும் சீனம் தன் மரபைப் பிறர்மீது சுமத்த முன்வரவில்லை, பிறரும் அவ்வாறே பொறுமை காக்கட்டும் என்றார். இயற்கையே மனிதனுக்குப் பகுத்தறிவைத் தந்தது என்ற பொருள்பட வரைவிலிருந்த சொல்லையும் அகற்றிவிடலாம் என்றார். அவ்வாறு செய்தால் இறைநம்பிக்கை உள்ளவர் அந்த வாசகத்தில் இறைவனைக் காண்பர், ஏனையோரும் அதை ஏற்பர் என்பது அவரது விளக்கம். பிரேசில் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றது.

இதே சாங் முதல் உறுப்பில் மற்றொரு சொல்லுக்கும் காரணமானார். பகுத்தறிவு மட்டும் மனிதனை மனிதனாக்காது, பிறரையும் தன்னைப்போல் உணரும் உள்ளமும் வேண்டும் என்று கூறி, ‘ரென்’ என்ற சீனச் சொல்லை எடுத்துக்காட்டினார். அந்த எழுத்தில் ‘மனிதன்’ என்ற குறியும் ‘இரண்டு’ என்ற குறியும் இணைந்திருக்கின்றன. இருவரிடையே விளையும் மனிதத் தன்மை என்று அதற்குப் பொருள் கூறலாம். அதை ஐரோப்பிய மொழியில் பெயர்க்க வழியின்றி ‘மனச்சாட்சி’ என்று எழுதினார்கள். தன்னைப்போல் பிறனை நேசி என்ற கட்டளையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சீன எழுத்து அந்நியமாகத் தோன்றவில்லை.

மாலிக்கின் முத்திரையும் அறிக்கையில் ஆழப் பதிந்தது. குடும்பமே சமுதாயத்தின் இயல்பான அடிப்படை அலகு என்ற வாசகம் அவர் முயற்சியால் வந்தது. மனச்சாட்சியின் உரிமையில் சமயம் மாறும் உரிமையும் அடங்கும் என்பதற்காக அவர் விடாது வாதாடினார். சவூதி அரேபியா அதை எதிர்த்தது. பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃப்ருல்லா கான் திருக்குர்ஆனை முன்வைத்தே அவ்வுரிமையை ஆதரித்துப் பேசினார்.

1948 டிசம்பர் 10ஆம் நாள் இரவு பாரிசின் ஷாயோ மாளிகையில் வாக்கெடுப்பு நடந்தது. 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த நாடு ஒன்றுமில்லை. சோவியத் அணியின் ஆறு நாடுகளும் சவூதி அரேபியாவும் தென்னாப்பிரிக்காவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. இந்தியா ஆதரித்தது. இருவரும் சேர்ந்து ஒரு வாசகத்தை எழுத இயலாது என்று கருதப்பட்ட சாங்கும் மாலிக்கும் சேர்ந்தே அவ்வாசகத்தைக் கரை சேர்த்தார்கள்.

திருச்சபை கண்ட ஒளி

கடவுளின் பெயர் இல்லாத அறிக்கையைத் திருச்சபை எவ்வாறு நோக்கியது? அதன் சில பகுதிகளைக் குறித்துத் தயக்கங்கள் எழுந்தன. அந்நாளில் பாரிசில் திருத்தந்தையின் தூதராக இருந்தவர் பேராயர் ரொன்கால்லி. அவரே 1958இல் திருத்தந்தை 23ஆம் யோவான் ஆனார். 1963 ஏப்ரல் 11ஆம் நாள் அவர் வெளியிட்ட ‘அவனியில் அமைதி’ என்னும் சுற்றுமடல், அத்தயக்கங்களை மறைக்காமல் குறிப்பிட்ட பின்னர், மனித குலம் முறையான ஒழுங்கை நோக்கி எடுத்துவைத்த ஒரு முக்கிய அடி என்று அறிக்கையை வரவேற்றது. மனித மாண்பின் வேர் இறைவனில் இருப்பதைத் தன் சொந்த மொழியில் அம்மடல் விளக்கியது. அறிக்கை விட்டுவைத்த ‘ஏன்’ என்ற வெற்றிடத்தைத் திருச்சபை இவ்வாறு தன் பங்குக்கு நிரப்பியது.

1965 டிசம்பர் 8ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுற்றபோது, அறிஞர் பெருமக்களுக்கான சங்கத்தின் செய்தியைத் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒரு முதியவரின் கையில் கொடுத்தார். அவர் மாரித்தேன். அவர் வாழ்நாளெல்லாம் எழுதிவந்த மனித மாண்பும் சமய உரிமையும் சங்கத்தின் ஏடுகளில் திருச்சபையின் போதனையாக ஒலித்தன.

நம் வாசலில் நிற்கும் வினா

இவ்வரலாற்றைப் படித்து மகிழ்வதோடு நாம் நின்றுவிட இயலாது. பாரிசில் வாக்கெடுப்பு நடப்பதற்குப் பதினொரு நாள்களுக்கு முன், 1948 நவம்பர் 29ஆம் நாள், புது தில்லியில் நம் அரசியல் நிர்ணய மன்றம் தீண்டாமையை ஒழிக்கும் உறுப்பை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசியல் சட்டத்தின் 17ஆம் உறுப்பு. அந்த மன்றத்தில் சென்னை இலயோலாக் கல்லூரியின் தலைவர் அருள்தந்தை ஜெரோம் டிசூசா சே.ச. உறுப்பினராக இருந்தார். பின்னர் ஐ.நா. பொதுச்சபைக்குச் சென்ற இந்தியக் குழுக்களிலும் அவர் இடம்பெற்றார். ஆக, பாரிசில் ஒலித்த கேள்வியும் தில்லியில் ஒலித்த கேள்வியும் ஒன்றே: பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவனாக இருக்க முடியுமா?

இதற்கு விடை காண நமக்கு மெக்சிக்கோ மாநாடு தேவையில்லை. ‘ஏன்’ என்பது நமக்குத் தெரியும். மனிதன் இறைவனின் சாயல் என்பதைத் தொடக்கநூலின் முதல் அதிகாரத்திலேயே படிக்கிறோம். ஒரே திருமுழுக்கைப் பெற்றிருக்கிறோம்; ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிறோம். 1982இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதி மனப்பான்மைக்குக் கிறிஸ்தவத்தில் இடமே இல்லை என்று ஐயத்திற்கு இடமின்றி அறிவித்தது. 2003 நவம்பரில் உரோமையில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் இதையே வற்புறுத்தினார்.

ஆயினும் நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தோரையும் சாதி வாரியாகப் பிரிக்கும் சுவர்கள் எழுப்பப்பட்டதை நாம் அறிவோம். திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் நுழையலாம் என்ற பேச்சு காவல் நிலையம் வரை சென்றதையும் அறிவோம். சுவரின் இரு புறத்திலும் சிலுவைகள் நிற்கின்றன. கடவுளின் பெயர் இல்லாத அந்த அறிக்கையையும் கடவுளின் பெயர் எங்கும் பொறிக்கப்பட்ட இந்தத் தோட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நம் தலை தாழ்கிறது. பாரிசில் கூடியோர் காரணத்தில் வேறுபட்டுச் செயலில் உடன்பட்டார்கள். நாம் காரணத்தில் உடன்பட்டிருக்கிறோம்.

ஆண்டவர் கூறிய உவமையில் ஒரு தந்தைக்கு இரு புதல்வர். திராட்சைத் தோட்டத்திற்கு வேலைக்குப் போகச் சொன்னபோது ஒருவன் போக விருப்பமில்லை என்றான், பிறகு மனம் மாறிப் போனான். மற்றவன் பணிவோடு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாதிருந்தான். இருவருள் தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவன் எவன் என்று ஆண்டவர் கேட்டது, மறைநூலைக் கரைத்துக் குடித்தவர்களைப் பார்த்து.

ஆண்டுதோறும் டிசம்பர் 10ஆம் நாள் மனித உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. திருவருகைக் காலத்தின் நடுவே வரும் நாள் அது. பள்ளத்தாக்குகளை நிரப்பவும் மலைகளைத் தாழ்த்தவும் அழைக்கும் குரலை நாம் ஆலயங்களில் கேட்கும் காலம் அது. அந்த வாரத்தில் ஒவ்வொரு பங்கிலும் அன்பியக் குழுவினரும் பொதுநிலையினர் அமைப்பினரும் கூடி, அறிக்கையின் முதல் உறுப்பை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். படித்த பின் தங்கள் கல்லறைத் தோட்டத்திற்குச் சேர்ந்து நடந்து போய், அங்கே இடிக்கப்பட வேண்டியது ஏதேனும் உண்டா என்று பார்த்து வரட்டும்.